ஒரு குவார்ட்டரும் நம் தோலும்

கல்யாணம் நிச்சயமான ஒரு பெண்ணிடம் அவளுடைய அத்தை, "ராத்திரி ஒரு கிளாஸ் ரெட் ஒயின் குடிடி, கலர் வந்துடும்" என்று சொன்னதைக் காதாரக் கேட்டிருக்கிறேன். வீட்டு ஆண்கள் யாராவது குடித்துவிட்டு வந்தால் வாசலிலேயே நிறுத்தி வைக்கிற அத்தை அவர். ஒயின் மட்டும் அவர் கணக்கில் சாராயத்தில் சேராது. திராட்சைதானே! பீர் குடித்தால் உடம்பு போடும், கன்னம் உப்பும் என்பது இன்னொரு நம்பிக்கை. பீர் ஷாம்பு, ஒயின் ஃபேஷியல் என்று பார்லர்காரர்களும் தங்கள் பங்குக்குச் சேர்த்திருக்கிறார்கள். அதே தெருவில்தான், "குடிச்சுக் குடிச்சே ஆளு கருத்துச் சுண்டிப் போயிட்டான்" என்றும் பேசிக்கொள்கிறோம். ஒரே சரக்கு ஒருவருக்கு நிறத்தைக் கூட்டி இன்னொருவரைக் கருக்க வைக்குமா?

தெருப்பேச்சில் இரண்டாவதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் நிற்கிறது. ஆனால் ஏன் கருக்கிறது என்று கேட்டால், "உடம்பு சூடு" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். கதை அதைவிடச் சுவாரசியமானது. அதில் பாதி கல்லீரலில் நடக்கிறது, மீதி சாப்பாட்டுத் தட்டில்.

மதுவும் சருமமும் என்று தேடினால் கிடைக்கிற கட்டுரைகளில் முக்கால்வாசி, முகம் சிவக்கும், மூக்கு நுனியில் சிவப்பு நரம்புகள் தெரியும் என்றுதான் தொடங்குகின்றன. வெள்ளைத் தோல்காரர்களைப் பார்த்து எழுதியவை அவை. மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு எங்கே தெரியப்போகிறது? "எனக்கு முகம் ஒண்ணும் மாறலையே" என்று கண்ணாடியைப் பார்த்து நம்மவர் நிம்மதியாகிவிடுகிறார். நம் நிறத்தில் குடியின் கணக்கு வேறு இடங்களில் எழுதப்படுகிறது: உள்ளங்கை, கண்ணின் வெள்ளை, நகம், கழுத்து, புறங்கை. அவற்றைப் பற்றிச் சொல்வதற்கு முன் அளவைப் பார்த்துவிடுவோம்.

நம் ஊரில் அளவு என்றால் குவார்ட்டர். 180 மில்லி. லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியானால் பாட்டிலுக்குள் 77 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. எடையில் சுமார் 61 கிராம். ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ உள்ளே போனால் அதை 'மிகையான குடி' என்று வகைப்படுத்துகிறது உலகச் சுகாதார நிறுவனம். அதாவது, "நான் ஒரே ஒரு குவார்ட்டர்தான் சார்" என்று அடக்கமாகச் சொல்பவர் அந்தக் கோட்டை ஏற்கெனவே தாண்டிவிட்டார். குவார்ட்டரை இரண்டாகப் பங்கு போட்டு 'கட்டிங்' அடித்தாலும் ஆளுக்கு 30 கிராம். ஸ்ட்ராங் பீர் ஒரு பெரிய பாட்டில், 650 மில்லி, 8 சதவீதம் என்று வைத்தால் 41 கிராம். பீர் லேசானது என்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

சரி, உள்ளே போனது என்ன ஆகிறது? பெரும்பகுதியைக் கல்லீரல் எடுத்துக்கொள்கிறது. அங்கே ஆல்கஹால் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாறும். குடியின் அசல் விஷம் இதுதான். இன்னொரு நொதி அதை அசிட்டேட்டாக மாற்றினால்தான் உடம்பு மூச்சு விடும். இடையில் அசிட்டால்டிஹைடு தேங்கினால் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, ஹிஸ்டமின் சுரக்கிறது, முகமும் காதும் ஜிவ்வென்று சூடேறுகின்றன. சீனா, ஜப்பான், கொரியா நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்கு இந்த இரண்டாவது நொதி பிறவியிலேயே மந்தம். ஒரு கிளாஸிலேயே முகம் தக்காளிப் பழமாகிவிடும். அப்படிச் சிவந்தும் விடாமல் குடிப்பவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் வாய்ப்பு அதிகம் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். தென்னிந்தியர்களிடம் இந்த மரபணு மாற்றம் அபூர்வம். அதனால் நமக்கு அந்த எச்சரிக்கை மணி பெரும்பாலும் அடிப்பதில்லை.

அந்த மணியை மாத்திரையால் அடிக்க வைக்க முடியும். ரப்பர் பதப்படுத்தப் பயன்பட்ட ஒரு வேதிப்பொருளோடு வேலை செய்த தொழிலாளர்களுக்குக் குடி ஒத்துக்கொள்ளவில்லை என்று 1937இல் அமெரிக்கத் தொழிற்சாலை மருத்துவர் ஒருவர் எழுதினார். அதே வகைப் பொருளான டைசல்ஃபிரமை 1940களில் கோபன்ஹேகனில் குடற்புழு மருந்தாகச் சோதித்துக்கொண்டிருந்தவர்கள் யென்ஸ் ஹால்ட், எரிக் யாகோப்சன். மாத்திரையைத் தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். அப்புறம் மது அருந்தியபோது முகம் கொதித்து, நெஞ்சு படபடத்தது. அந்த இரண்டாவது நொதியைத்தான் டைசல்ஃபிரம் முடக்குகிறது. 1948இலிருந்து குடியை நிறுத்த உதவும் மருந்தாக அது புழக்கத்தில் இருக்கிறது.

இதை இங்கே இழுக்கக் காரணம் உண்டு. "அவருக்குத் தெரியாமலே கொடுத்துக் குடியை மறக்க வைக்கலாம்" என்று சுவரிலும் பஸ்ஸிலும் நோட்டீஸ் பார்த்திருப்பீர்கள். குழம்பில் இந்த மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கொடுக்கிற குடும்பங்களும் இருக்கின்றன. விஷயம் தெரியாமல் அந்த ஆள் வழக்கம்போல் ஒரு குவார்ட்டரை ராவாக அடித்தால், முகம் சிவப்பதோடு நிற்காது. ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கும். இது, எடுத்துக்கொள்பவர் சம்மதித்து, மருத்துவர் கண்காணித்துக் கொடுக்க வேண்டிய மருந்து. சாம்பாரில் கலக்கிற சமாச்சாரம் அல்ல.

மறுநாள் காலைக்கு வருவோம். முகம் உப்பியிருக்கும், கண்ணுக்குக் கீழே பை தொங்கும், உதடு காய்ந்திருக்கும். "டீஹைட்ரேஷன், தோலில் இருந்த தண்ணியெல்லாம் போயிடுச்சு" என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி சரி. சிறுநீரை அடக்கி வைக்கச் சொல்கிற வாசோபிரசின் என்ற ஹார்மோனை ஆல்கஹால் அமுக்கிவிடுகிறது. ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு ஏறக்குறைய 10 மில்லி சிறுநீர் கூடுதலாகப் போகும் என்பது பழைய கணக்கு. ஒரு குவார்ட்டருக்கு அரை லிட்டருக்கும் மேல். தாகமும் வறண்ட நாக்கும் அதனால்தான். ஆனால் தண்ணீர் குறைந்தால் முகம் ஒட்டித்தானே போகணும், ஏன் உப்புகிறது? ஒரு காரணம், விரிந்த ரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீர். இன்னொன்று, அரைகுறைத் தூக்கம். மூன்றாவதை யாரும் சொல்வதில்லை: சைடு டிஷ். ஊறுகாய், மிக்சர், சிக்கன் 65, மிளகாய்த்தூள் தூவிய மாங்காய். எல்லாம் உப்பு. ராத்திரி தின்ற உப்பு காலையில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இந்த வீக்கம் ஓரிரு நாளில் வடிந்துவிடும். தோலுக்கு இதனால் நிரந்தரச் சேதம் ஒன்றும் இல்லை. ஒரு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டால் தோல் பளபளக்கும் என்பதும் இல்லை. மேல்தோலின் ஈரத்தைக் காப்பது அதன் எண்ணெய்ப் பசையும் செல்களின் கட்டமைப்பும்தான்.

வருடக்கணக்கில் குடித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொஞ்சம் நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்தில் 3,267 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2019இல் வெளிவந்தது. வாரத்துக்கு 8 டிரிங்க்கோ அதற்கு மேலோ குடித்தவர்களுக்கு நெற்றிக் கோடுகள், கண் கீழ் வீக்கம், வாயோரச் சுருக்கம், கன்னச் சதை வற்றுதல், முகத்தில் தெரியும் ரத்தக் குழாய்கள் எல்லாம் கூடுதல். கண் கீழ் வீக்கமும் கன்னம் வற்றுவதும் மிதமாகக் குடித்தவர்களிடமும் இருந்தன. அமெரிக்கக் கணக்கில் ஒரு டிரிங்க் 14 கிராம். எட்டு டிரிங்க் என்றால் 112 கிராம். நம் கணக்கில் வாரத்துக்கு இரண்டு குவார்ட்டர் அதைத் தாண்டிவிடும். சனி ஒன்று, ஞாயிறு ஒன்று. ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெண்கள் கண்ணாடியைப் பார்த்துத் தங்களுக்குத் தாங்களே மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள்.

டென்மார்க்கில் 1976இல் தொடங்கிய கோபன்ஹேகன் இதய ஆய்வு இன்னும் உறுதியானது. பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மிக அதிகமாகக் குடித்தவர்களுக்குக் கருவிழியைச் சுற்றிச் சாம்பல் வளையமும் காது மடலில் குறுக்குக் கோடும் சீக்கிரமே வந்தன. கொஞ்சமாகக் குடித்தவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் தோற்றத்தில் வித்தியாசம் தெரியவில்லை. குடிக்கு எதிராகப் பேசுகிறோம் என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தோற்றத்தில் தெரியாதது உள்ளே இல்லை என்று ஆகிவிடாது. மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பட்டியலில் 1988இலேயே சேர்த்துவிட்டார்கள்.

இனி கல்லீரல். ரத்தத்தில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலின் வேலைகளில் ஒன்று. அது சோர்ந்தால் ஆணின் உடம்பிலும் ஈஸ்ட்ரோஜன் ஓங்கும். சில ஆண்களுக்கு மார்பு பெருக்கும், நெஞ்சு முடி உதிரும். குட்டி ரத்தக் குழாய்கள் விரியும். அதை முதலில் பார்க்க வேண்டிய இடம் உள்ளங்கை. நாம் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் உள்ளங்கை வெளிர்தான். அங்கே சிவப்பு ஒளிய முடியாது. கட்டை விரலுக்குக் கீழே உள்ள மேடும் சுண்டு விரல் பக்கத்து மேடும் மருதாணி அழித்த மாதிரி சிவந்திருக்கும், நடுக்குழி மட்டும் வெளிறியிருக்கும். அழுத்தினால் வெளுத்து, விட்டதும் திரும்பச் சிவக்கும். கர்ப்பிணிகளுக்கும் மூட்டுவாதம், தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் இதே மாதிரி வரலாம். ஆகவே உள்ளங்கை சிவந்தவர்கள் எல்லோரையும் குடிகாரர் பட்டியலில் சேர்த்துவிடக் கூடாது.

அடுத்தது சிலந்தி மச்சம். பெயர்தான் மச்சம், உண்மையில் அது ஒரு ரத்தக் குழாய். நடுவில் சிவப்புப் புள்ளி, அதிலிருந்து சிலந்திக் கால்கள் மாதிரி மெல்லிய கோடுகள். கழுத்து, மார்பின் மேல்பகுதி, தோள், முகம் என்று இடுப்புக்கு மேலேதான் வரும். பேனா முனையால் நடுப்புள்ளியை அழுத்திப் பாருங்கள். கால்கள் எல்லாம் மறைந்துவிடும். எடுத்த நொடியில் நடுவிலிருந்து வெளியே ரத்தம் பாய்ந்து சிலந்தி மறுபடி உயிர்பெறும். ஒன்றிரண்டு யாருக்கும் இருக்கலாம். நாலைந்துக்கு மேல் புதிதாக முளைத்தால் கல்லீரலைச் சோதிக்க வேண்டும். கறுத்த மேனியில் இது சுலபமாகத் தெரியாது, நல்ல வெளிச்சத்தில் தேடணும். நகத்திலும் ஒரு சேதி உண்டு. 1954இல் ரிச்சர்ட் டெரி என்ற மருத்துவர் கல்லீரல் சுருங்கியவர்களின் நகங்கள் தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடி மாதிரி வெளுத்திருப்பதையும், நுனியில் மட்டும் ஒரு மெல்லிய இளஞ்சிவப்புப் பட்டை மிஞ்சியிருப்பதையும் குறித்து வைத்தார்.

மஞ்சள் காமாலையைப் பற்றி நமக்குத் தெரியும் என்று நினைக்கிறோம். ஆனால் வெயிலிலும் தூசியிலும் நாள் முழுக்க நிற்பவர்களின் கண்ணின் வெள்ளை இயல்பாகவே பழுப்பேறியிருக்கும். அதைக் காமாலை என்று பயப்படுகிறவர்களும் உண்டு, காமாலையை அந்தப் பழுப்பு என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. பிரித்தறிய வழி இருக்கிறது. பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் நிறுத்துங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் மஞ்சளைக் கண்டுபிடிக்க முடியாது. கீழே பார்க்கச் சொல்லி மேல் இமையைத் தூக்கிப் பாருங்கள். வெயில் பழுப்பு இமை மூடாத நடுப்பகுதியில் மட்டும் திட்டாக இருக்கும். காமாலை இமைக்குள் மறைந்த பகுதியிலும் ஒரே சீராகப் பரவியிருக்கும். நாக்கை மேலே தூக்கி அடியில் பார்த்தாலும் தெரியும்.

அரிப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பித்தநீர் வெளியேறாமல் தேங்கினால் ராத்திரியில், முக்கியமாக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், தூங்க விடாத அரிப்பு வரும். தோலில் தடிப்போ பருவோ எதுவும் இருக்காது, சொறிந்த கோடுகள் மட்டும்தான். மெடிக்கலில் கேட்டு வாங்கும் அலர்ஜி மாத்திரை இதற்குப் பெரிதாகக் கேட்காது.

இனி, கறுத்துப்போவதற்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து ஊர்க் கொத்தனார் ஒருவர் இருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, கைசுத்தமான வேலைக்காரர். ஒரு கோடையில் அவருடைய இரண்டு புறங்கைகளும் கறுத்து, பளபளவென்று மின்னி, அடுப்பில் வாட்டிய கத்திரிக்காய்த் தோல் மாதிரி உரிய ஆரம்பித்தன. மணிக்கட்டுக்கு மேலே சட்டைக் கை தொடங்கும் இடத்தில் கோடு கிழித்தாற்போல் நின்றுவிட்டது. கழுத்திலும் காலர் திறந்த இடத்தில் மாலை போட்ட மாதிரி ஒரு கறுப்பு வளையம். பாதத்தில் செருப்பு வார் மூடிய இடம் மட்டும் தப்பியிருந்தது. சிமெண்ட் அலர்ஜி என்றார்கள், அவரும் நம்பினார். ஸ்டீராய்டு க்ரீம் ஒரு டியூப் வாங்கிப் பூசினார். கேட்கவில்லை. கூடவே வயிற்றுப்போக்கு. கடைசியில் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குக் கூட்டிப்போனோம். சின்ன வயது டாக்டர். கையைத் திருப்பிக் கூடப் பார்க்கவில்லை.

"ஐயா, சாப்பாடு எப்படிச் சாப்பிடுறீங்க?"

"சாப்பாடு எங்கம்மா இறங்குது. காலைல ஒரு டீ, சாயந்தரம் வேலை முடிஞ்சா அது."

"அது எவ்வளவு?"

"ஒரு குவார்ட்டர்தாம்மா. சில நாள் கூட ஒரு கட்டிங்."

சீட்டில் பெலக்ரா என்று எழுதினார்.

நயாசின் என்ற வைட்டமின் பி3 பற்றாக்குறையால் வரும் நோய் பெலக்ரா. தோல் அழற்சி, வயிற்றுப்போக்கு, புத்தி தடுமாற்றம், கவனிக்காமல் விட்டால் மரணம் என்று படிப்படியாகப் போகும். இத்தாலிய மொழியில் 'கரடுமுரடான தோல்' என்று பொருள். 1735இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் மக்காச்சோளத்தையே தின்று பிழைத்த ஏழை விவசாயிகளிடம் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் இதைக் கண்டார். கழுத்தைச் சுற்றும் அந்தக் கறுப்பு வளையத்துக்கு இன்றைக்கும் 'கசால் மாலை' என்றுதான் பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஆயிரக்கணக்கானோரை இது கொன்றது. தொற்றுநோய் என்று எல்லோரும் அடித்துச் சொன்னபோது, ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் அது தொற்று இல்லை என்று காட்ட நோயாளிகளின் தோல் செதில்களை மாவில் உருட்டித் தானும் விழுங்கி, நண்பர்களையும் மனைவியையும் சோதனையில் சேர்த்துக்கொண்டார். யாருக்கும் நோய் வரவில்லை. நயாசின்தான் விடை என்பது 1937இல் கான்ராட் எல்வெஹெமின் ஆய்வில் தெரிந்தது.

நம் பக்கத்துக் கதையும் உண்டு. சேலத்தில் பிறந்த சி. கோபாலன், ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் இருந்தபோது, தக்காணத்தில் வெள்ளைச் சோளத்தை மட்டுமே நம்பிய ஏழைகளிடம் பெலக்ரா இருப்பதை ஆராய்ந்தார். சோளத்தில் மிகுந்திருக்கும் லியூசின் என்ற அமினோ அமிலம் காரணமாகலாம் என்று விளக்கம் தந்தார். இன்று ரேஷன் அரிசியும் பருப்பும் முட்டையும் கிடைக்கிற காலம். பட்டினிப் பெலக்ரா குறைந்துவிட்டது. இப்போது தோல் மருத்துவர்கள் பார்க்கும் பெலக்ராவில் பெரும்பங்கு குடிநோயாளிகளுடையது.

ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி. ஒரு குவார்ட்டரில் 420 கலோரிக்கு மேல். ஏழெட்டு இட்லி சாப்பிட்ட கணக்கு. வயிறு நிறைந்துவிட்டதாக மூளை நினைத்துக்கொள்கிறது, பசி செத்துவிடுகிறது. ஆனால் அந்தக் கலோரியில் வைட்டமின் என்று ஒரு துளிகூட இல்லை. போகிற கொஞ்ச சாப்பாட்டிலிருந்தும் புண்பட்ட குடல் சத்தை உறிஞ்சாது, கல்லீரல் சேமிக்காது. நயாசின் குறைந்த தோலுக்கு வெயிலில் பட்ட காயத்தை ஆற்றும் திராணி இருக்காது. அதனால்தான் சட்டை மூடிய இடம் தப்பி, வெயில் படும் இடம் மட்டும் கருகுகிறது. ஊர் சொல்லும் "குடிச்சுக் கருத்துட்டான்" என்பதில் இப்படி ஒரு பங்கு இருக்கிறது. சிலருக்குத் துத்தநாகம் குறைந்து வாயோரம் வெடிக்கும், சிலருக்கு வைட்டமின் சி குறைந்து ஈறு கசியும். காசநோய்க்கு ஐசோனியசிட் மாத்திரை எடுத்துக்கொண்டே குடிப்பவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு, அந்த மாத்திரையும் நயாசின் உற்பத்தியைத் தடுக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. நயாசின் தாராளமாக உள்ள மலிவான உணவு நிலக்கடலை. 100 கிராமில் சுமார் 12 மில்லிகிராம். ஒரு நாள் தேவையில் முக்கால் பங்கு. பார் மேசையில் ஊறுகாய்ப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில்தான் அவித்த கடலை கிடக்கிறது.

தோல் நோய் ஏற்கெனவே இருப்பவர்கள் கதை வேறு. சொரியாசிஸ் உள்ள ஆண்களை ஃபின்லாந்தில் ஆராய்ந்து 1990இல் ஒரு கட்டுரை வந்தது. நோய் வருவதற்கு முந்தைய காலத்திலேயே அவர்கள் மற்ற தோல் நோயாளிகளைவிட இரண்டு மடங்கு குடித்திருந்தார்கள். குடி சொரியாசிஸைக் கிளப்புகிறது, சரி. ஆனால் செதில் உதிரும் கையோடு சலூனிலும் பந்தியிலும் மற்றவர்கள் ஒதுங்குவதைப் பார்த்துப் பார்த்து மனம் ஒடிந்து குடிக்கிறவர்களும் ஏராளம். எது முட்டை, எது கோழி என்று பிரிப்பது கடினம். அதைவிட முக்கியம் மருந்து. சொரியாசிஸுக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் கல்லீரலைத் தாக்கக் கூடியது. அதன் மேல் குடித்தால் இரட்டை அடி. அசிட்ரெட்டின் என்ற மாத்திரை ஆல்கஹாலோடு சேர்ந்தால் எட்ரெட்டினேட் என்ற பொருளாக மாறி உடம்பின் கொழுப்பில் வருடக்கணக்கில் தங்கிவிடும். அது கருவைச் சிதைக்கும். அதனால் குழந்தை பெறும் வயதுப் பெண்கள் அந்த மாத்திரை எடுக்கும்போதும் நிறுத்தி இரண்டு மாதம் வரையிலும் மதுவைத் தொடவே கூடாது. படர்தாமரைக்குக் கொடுக்கும் கிரிசியோஃபுல்வினும் குடியோடு சேர்ந்தால் முகம் கொதித்து நெஞ்சு படபடக்கும். டாக்டரிடம் குடியை மறைப்பவர்கள் இவற்றையெல்லாம் யாரிடம் தெரிந்துகொள்வார்கள் என்று தெரியவில்லை.

குடிகாரன் மூக்கு என்று ஒரு பழிப்பேச்சு வெள்ளைக்காரர்களிடம் உண்டு. மூக்கு வீங்கி, சிவந்து, பலாப்பழத் தோல் மாதிரி முண்டு முண்டாக இருக்கும் ரைனோஃபைமா என்ற நிலை அது. பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் கிர்லாந்தாயோ 1490 வாக்கில் வரைந்த ஓர் ஓவியத்தில், அப்படி ஒரு மூக்கோடு இருக்கும் தாத்தாவைப் பேரன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பான். ரோசேசியா என்ற தோல் நோயின் முற்றிய வடிவம் அது. மதுவை வாயில் வைக்காதவர்களுக்கும் வரும். மது ரோசேசியாவைத் தூண்டிவிடலாம், அவ்வளவுதான். 2017இல் வெளியான, எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கச் செவிலியர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில் ரோசேசியாவோடு அதிகம் தொடர்பு காட்டியவை வெள்ளை ஒயினும் ஹாட் சரக்கும்.

அத்தையின் ரெட் ஒயினையும் பார்த்துவிடுவோம். திராட்சைத் தோலில் ரெஸ்வெரட்ரால் என்ற பொருள் இருப்பது உண்மை. சோதனைக்கூடத்தில் அது நல்ல வேலைகள் செய்வதும் உண்மை. ஆனால் ஒரு லிட்டர் ரெட் ஒயினில் இருப்பது சில மில்லிகிராம்தான், ஆய்வுகளில் கொடுப்பதோ நூற்றுக்கணக்கான மில்லிகிராம். அவ்வளவு ரெஸ்வெரட்ராலுக்குக் குடித்தால் தோலுக்கு முன்னால் ஆள் போய்விடுவார். கன்னத்தில் வருகிற அந்த 'கலர்' விரிந்த ரத்தக் குழாய். ஒரு மணி நேரத்தில் போய்விடும். பெண்களுக்கு உடம்பில் நீரின் பங்கு குறைவு, அதனால் அதே அளவு மது ரத்தத்தில் கூடுதலாக ஏறும், கல்லீரலும் சீக்கிரம் கெடும். கல்யாணப் பெண் திராட்சையைச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

நிறுத்தினால் தோல் தேறுமா? வீக்கமும் கண் பையும் ஓரிரு வாரத்தில் வடியும். சொரியாசிஸ் மருந்துக்கு நன்றாகக் கேட்கத் தொடங்கும். கல்லீரல் மீண்டால் சிலந்தி மச்சங்களும் மங்கலாம். சுருங்கிக் கெட்டிப்பட்ட கல்லீரல் முழுதாகப் பழைய நிலைக்கு வராது. ஆனால் தினமும் அதிகமாகக் குடிக்கிறவர், இதைப் படித்துவிட்டு நாளைக் காலையிலிருந்து தொடமாட்டேன் என்று தனியாகச் சபதம் எடுப்பது ஆபத்து. இரண்டு மூன்று நாளுக்குள் கைநடுக்கம், வலிப்பு, இல்லாத பூச்சிகள் தோலில் ஊர்வதாகப் பிதற்றல் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் தயமின் என்ற வைட்டமின் பி1உம் மற்ற மருந்தும் கொடுத்து நிறுத்த வைப்பார்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14446 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது.

கொத்தனாரையும் அப்படித்தான் வார்டில் சேர்த்தார்கள். நயாசினின் இன்னொரு வடிவமான நிக்கோட்டினமைடு மாத்திரை, பி காம்ப்ளக்ஸ் ஊசி, தினம் இரண்டு முட்டை. மூன்றாம் நாளே எரிச்சல் அடங்கிவிட்டது. அந்த மாதக் கடைசியில் மறுபடி காட்டப் போனபோது புறங்கையின் கறுப்பு முழுக்க உரிந்து, குழந்தைத் தோல் மாதிரி வெளிர் சிவப்பாக இருந்தது. "பாத்தீங்களாம்மா, சிமெண்ட்தான்" என்றார். டாக்டர் சிரித்தார். அவரை ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார். "கீழே பாருங்கய்யா" என்று மேல் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வயிற்று ஸ்கேனுக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தார்.